அடிபட்ட கோழியும் அய்யாவின் தருமமும்

அய்யா துணை



அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம் என்று ரயில் பாதையை ஒட்டியும், அந்தப் பக்கம் மாங்காடு, குமணன்சாவடி, பூந்தமல்லி என்று சாலையை ஒட்டியும் வளர்ந்துவிட்ட ஊர்களில் இன்றும் வீட்டு வாசலில் கோழி மேய்கிறது. அடுக்குமாடி வீடுகளும் தொழிற்பேட்டைகளும் வந்துவிட்டன. ஆனாலும் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பங்கள் ஊர்ப்பழக்கத்தை விடவில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு பஞ்சாரம் இருக்கும். அதில் ஒரு பெட்டையும் ஏழெட்டுக் குஞ்சுகளும் இருக்கும். காலையில் திறந்துவிட்டால் தெருவெல்லாம் கிளறிவிட்டுப் பொழுது சாயும்போது தானாக வந்து அடையும்.

கோழி மாறவில்லை. தெருதான் மாறிவிட்டது. வீட்டுக்கு வீடு சாமான் கொண்டு கொடுக்கும் வண்டிகள் சந்துக்குள்ளும் பறக்கின்றன. ஒரு நாள் ஒரு சக்கரம் கோழியின் காலில் ஏறிவிடுகிறது. அல்லது தெருநாய் கவ்வி உதறிப் போட்டுவிடுகிறது. வண்டிக்காரர் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறார். "கோழிதானே" என்று போய்விடுகிறார். சாக்கடை ஓரத்தில் ஒரு சிறகைத் தரையில் பரப்பிக்கொண்டு அது கிடக்கிறது.

அந்த வீட்டு அம்மா ஓடிவந்து சேலைத் தலைப்பில் அதை அள்ளி எடுக்கும்போது, பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லும் பேச்சு எல்லாத் தெருவிலும் ஒன்றுதான்.

"அது பிழைக்காதுக்கா. உசுரு இருக்கும்போதே அறுத்துக் குழம்பு வச்சிருங்க."

"ஒரு கோழிக்குப் போயி இவ்வளவு பாடா?"

சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். கோழியின் விலை அவர்களுக்குத் தெரியும். மருந்துச் செலவும் ஆட்டோ வாடகையும் சேர்ந்தால் அந்த விலையைத் தாண்டிவிடும் என்பதும் தெரியும். கணக்கு சரியான கணக்குதான். ஆனால் அய்யாவின் மக்கள் அந்தக் கணக்கோடு நின்றுவிடலாமா? அடிபட்ட ஒரு கோழிக்கு மருந்து போடுவது தருமத்தில் சேருமா, அல்லது வேலையற்ற வேலையா? இதுவே இங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய காரியம்.

பத்து ரூபாயுடன் போன பிள்ளை

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு புகைப்படம் நாடெங்கும் பரவியது. மிசோரம் மாநிலத்தில் அய்சால் நகருக்குப் பக்கத்தில் சைராங் என்று ஓர் ஊர். அங்கே ஆறு வயதுப் பையன் ஒருவன் மிதிவண்டி ஓட்டும்போது பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சின்மேல் ஏற்றிவிட்டான். அதை எடுத்துக்கொண்டு தகப்பனிடம் ஓடி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றான். பிறகு கையில் இருந்த காசையெல்லாம் எடுத்துக்கொண்டு தானே மருத்துவமனைக்குப் போனான். அவனிடம் இருந்தது பத்து ரூபாய். ஒரு கையில் குஞ்சும் மறு கையில் பத்து ரூபாய் நோட்டுமாக, அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கும் அவனை அங்கிருந்த செவிலியர் ஒருவர் படம் எடுத்தார்.

அந்தக் குஞ்சு அதற்கு முன்பே இறந்திருந்தது. பிள்ளைக்கு அது புரியவில்லை. ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பியபோது, பணம் போதவில்லை போலும் என்று நினைத்தான். வீட்டுக்கு வந்து, நூறு ரூபாய் கொண்டுபோகிறேன் என்று அழுதான். பின்னர் அவன் படித்த பள்ளியில் பொன்னாடை போர்த்திப் பாராட்டினார்கள்.

அந்தப் பிள்ளை காப்பாற்றிய உயிர் எதுவும் இல்லை. அப்படியிருந்தும், படத்தைப் பார்த்த எத்தனையோ பேர் கண் கலங்கினார்கள். அவன் செய்ததைப் பிரித்துப் பார்த்தால் மூன்று காரியம் இருக்கிறது. முதலாவது, அடித்துவிட்டு ஓடவில்லை, நின்றான். இரண்டாவது, அது யாருடைய கோழி, என்ன விலை என்று கேட்கவில்லை. மூன்றாவது, தன்னிடம் உள்ளதில் இவ்வளவு போதும் என்று பிரித்துக் கொடுக்கவில்லை. இருந்த அனைத்தையும் கொண்டுபோனான். பெரியவர்கள் மறந்துபோன மூன்றையும் ஒரு சிறு பிள்ளை செய்துவிட்டான். அதனால்தான் கண் கலங்கியது.

அடித்தவர் நின்ற கதைகள்

அடித்தவர் நிற்க வேண்டும் என்பது தமிழ் மக்களுக்குப் புதிய பாடம் அல்ல. திருவாரூரில் சோழன் மகன் ஓட்டிய தேர்க்காலில் ஒரு பசுங்கன்று விழுந்து இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் கன்றின் விலையைக் கொடுத்து முடித்துக்கொள்ளவில்லை. தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இடத் துணிந்தான் என்று கதை சொல்கிறது. அதனாலேயே அவனுக்கு மனுநீதிச் சோழன் என்று பேர் நிலைத்தது.

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவிலேயே இன்னொரு கதை இருக்கிறது. திருமுல்லைவாயல் என்ற பேரே அதிலிருந்து வந்தது. போருக்குப் போன தொண்டைமான் அரசனின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. அவன் வாளால் கொடியை வெட்டினான். வெட்டிய இடத்தில் இரத்தம் வந்தது. கொடிக்குள்ளே இருந்த சிவலிங்கத்தில் வாள் பட்டுவிட்டது என்று கண்டதும், அந்த வாளையே தன் கழுத்தில் வைத்தான் என்பது தலபுராணம். அந்தக் காயம் ஆறுவதற்காகவே மாசிலாமணீஸ்வரர் திருமேனியில் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு இருக்கிறது என்று ஊரார் சொல்கிறார்கள்.

தெரியாமல் பட்ட வெட்டுக்கு இத்தனை காலமாகச் சந்தனம் பூசிவருகிறார்கள். அதே ஊர்த் தெருவில் வண்டியில் அடிபட்ட உயிருக்கு அரைமணி நேரம் செலவிட ஆளில்லை என்றால், கதையைக் கேட்டும் கேளாதவர்கள் ஆகிவிடுவோம்.

"தானே" என்ற சொல்

"கோழிதானே" என்று சொல்லும்போது நாக்கு இலேசாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தத் "தானே" என்ற சொல் சாதாரணச் சொல் அல்ல. அய்யாவின் மக்கள் அதைக் கேட்டுத் துன்பப்பட்டவர்கள்.

திருவிதாங்கூர் அரசாட்சியில் முன்னோர் பட்டபாடு எல்லாருக்கும் தெரியும். தலைக்கு வரி இருந்தது. பனையேறும் ஏணிக்கும் தளைக்கும் வரி இருந்தது. கூலியில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும். இன்ன சாதியார் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும். பெண்கள் மார்பை மறைத்துச் சேலை உடுத்தவும் தடை. 1859-ஆம் ஆண்டில்தான் அரச ஆணையால் அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது. இத்தனையும் எப்படி நடந்தது? அடிக்கிறவன், அடிபடுகிறவனைப் பார்த்து "இவன்தானே" என்று நினைத்ததால் நடந்தது. "இவன்தானே" என்று ஒருவனைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டால், அதன்பிறகு எதையும் செய்யலாம், மனம் உறுத்தாது. கலியின் வேலை இதுதான். நீசம் என்பது வேறெங்கோ இல்லை. ஓர் உயிரைப் பார்த்துத் "தானே" என்று தள்ளும் நினைப்புக்குள் இருக்கிறது.

அய்யா அந்த நினைப்பைத்தான் முறிக்க வந்தார். குனிந்து நின்றவனைத் தலைப்பாகை கட்டி நிமிரச் சொன்னார். பல சாதியாரும் ஒரே முத்திரிக்கிணற்றில் நீர் எடுக்கச் செய்தார். கீழே கிடப்பவரைத் தாங்கிக் காப்பதே தருமம் என்று விதித்தார். அதே வாயால், ஆட்டையும் கோழியையும் பலியிட வேண்டாம் என்றும் தடுத்தார். இந்த இரண்டையும் வேறு வேறு கட்டளை என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே கட்டளைதான். மனிதனைப் பார்த்து "இவன்தானே" என்று சொல்லாதே என்பது ஒன்று. வாயில்லாத உயிரைப் பார்த்து "கோழிதானே" என்று சொல்லாதே என்பது மற்றொன்று.

சட்டமும் இதைச் செய்து பார்த்தது. 1950-இல் சென்னை மாநிலத்தில் கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. நெடுங்காலம் ஏட்டில் கிடந்தது. 2003-இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு உத்தரவிட்டது. எதிர்ப்பு எழுந்தது. 2004-இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அய்யாவின் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும், அவர் சொன்ன நாள் முதல் இன்று வரை, ஒரு கோழியின் கழுத்திலும் கத்தி பட்டதில்லை. சட்டத்துக்குப் பயந்து செய்வது சட்டம் போனால் போய்விடும். மனத்தில் விதைத்தது நிற்கும்.

ஆகவே, பலியிடாமல் இருப்பதோடு காரியம் முடிந்துவிட்டதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வெட்டாமல் இருப்பது பாதி. வெட்டுண்டு கிடப்பதை எடுப்பது மறுபாதி.

எழும் கேள்விகள்

"மனிதனுக்கே செய்ய ஆளில்லை, கோழிக்கு எதற்கு?" என்பது முதல் கேள்வி. இது நியாயமான கேள்வியாகத் தோன்றும். ஆனால் கோழிக்குச் செய்யாமல் மிச்சம் பிடித்த நேரத்தைக் கொண்டுபோய் மனிதனுக்குச் செய்தவர் எத்தனை பேர்? காயத்துக்கு மருந்து போடக் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் போதும். அந்த நேரம் தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும்தான் போகும். கை பழக வேண்டும் என்பதுதான் உண்மை. ஒரு கோழியின் காயத்தைப் பார்த்து அருவருக்காமல் துடைத்த கைக்கு, படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் துடைப்பது சிரமமாகத் தெரியாது. அதைப் பார்த்து வளரும் பிள்ளை, பள்ளியில் நொண்டும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காது.

"எப்படியும் ஒரு நாள் குழம்புக்குப் போகப்போவதுதானே?" என்பது இரண்டாவது கேள்வி. இதுதான் கடினமான கேள்வி. இதை மூடி மறைப்பதில் பயனில்லை. அய்யாவின் மக்களில் புலாலை முற்றும் விட்டவர்கள் உண்டு. திருநாளுக்கும் விரதத்துக்கும் மட்டும் விலக்குபவர்களும் உண்டு. கோழி வளர்க்கும் வீடுகளில் பல, முட்டைக்காகவும் கறிக்காகவும்தான் வளர்க்கின்றன. அதற்காக, நாளை என்ன ஆகும் என்பதைக் காட்டி இன்று படும் வேதனையைப் பாராமல் இருக்கலாமா? எல்லா உயிரும் ஒரு நாள் போகப்போவதுதான். அதனால் காய்ச்சலில் கிடக்கும் தகப்பனுக்குக் கஞ்சி வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. வேதனை இன்றைக்கு இருக்கிறது. தருமமும் இன்றைக்குச் செய்ய வேண்டியது.

இதில் இன்னொன்றும் உண்டு. மூன்று வாரம் மடியில் வைத்து மருந்து போட்ட கோழி, காலடி ஓசை கேட்டதும் கழுத்தை நீட்டிக் கூப்பிடத் தொடங்கும். அதை அறுக்கக் கத்தியை எடுத்தால் கை வராது. அப்படி வராமல்போன கையைப் பார்த்து, "ஏன் வரவில்லை?" என்று அந்த வீட்டார் தங்களையே கேட்டுக்கொள்வார்கள். யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்ய வேண்டியதில்லை. 1867-இல் வடலூரில் தருமசாலை அமைத்து அடுப்பு மூட்டிய வள்ளலாரும் உயிரிரக்கத்தையே வழிபாட்டின் வாசலாக வைத்தார். இரக்கம் ஒரு வாசலில் நுழைந்தால் வீட்டின் மற்ற அறைகளுக்கும் தானாகப் போகும்.

மூன்றாவது கேள்வி, "பிழைக்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்தானே?" என்பது. இதற்கு விடை கடைசியில் வரும். அதற்கு முன், இரக்கம் இருந்தும் என்ன செய்வது என்று தெரியாமல் கோழியைத் துன்பப்படுத்திவிடுபவர்களுக்காகச் சில செய்திகள்.

வீட்டில் பார்க்கும் முறை

அடிபட்ட கோழியைத் தூக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கோழிக்கு மனிதருக்கு உள்ளதுபோல் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுக்கும் தசைத்திரை இல்லை. மார்புக்கூடு அசைந்தால்தான் மூச்சு. பாசத்தால் இறுக்கி அணைத்தாலும் மூச்சு முட்டும். ஒரு துணியால் சிறகோடு சேர்த்து இலேசாகச் சுற்றி, அடியில் கை கொடுத்து எடுக்க வேண்டும். கையில் எடுத்ததும் உடம்பு கொதிப்பதுபோல் இருக்கும். அது காய்ச்சல் அல்ல. கோழியின் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ்.

இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்துச் சில நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றபிறகு, கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீரால் காயத்தைக் கழுவலாம். பெட்டாடின் இருந்தால் தண்ணீர் கலந்து, கட்டைத் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்து ஊற்றலாம். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, சாம்பல் போன்றவற்றைக் காயத்தில் அப்பக் கூடாது. மனிதர் விழுங்கும் வலி மாத்திரையை நொறுக்கிக் கொடுக்கவும் கூடாது.

மற்றக் கோழிகளோடு விடக் கூடாது. சிவப்பைக் கண்டால் அவை கொத்தும். கூடப் பிறந்த கோழியானாலும் கொத்தும். ஓர் அட்டைப் பெட்டியில் பழைய சாக்கையோ துணியையோ விரித்து, காற்றுப் போக ஓட்டை போட்டு, சத்தமில்லாத மூலையில் அரைஇருட்டில் வைத்தால் பயம் தணியும். வழவழப்பான செய்தித்தாளை விரித்தால் கால் வழுக்கி மேலும் நோகும்.

வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. மூச்சுக்குழாயின் வாசல் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு கிண்ணத்தில் நீர் வைத்து அலகின் நுனியை மட்டும் நனைத்துக் காட்டினால் போதும். தாகம் இருந்தால் தானே குடிக்கும். ஊறவைத்த கம்பு, குழைந்த சோறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாக வைக்கலாம்.

கால் எலும்பு முறிந்து நேராக இருந்தால் மருத்துவர் பத்தை வைத்துக் கட்டிவிடுவார். ஏறத்தாழ மூன்று வாரத்தில் கூடிவிடும். வெயில் காலத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும் என்பதால் சிறகுக்கு அடியிலும் வாலுக்குக் கீழும் நாள்தோறும் பார்க்க வேண்டும். நாயோ பூனையோ கடித்திருந்தால் மேலே சிறு பொத்தலாகத்தான் தெரியும். உள்ளே சீழ் பிடிக்கும். அதை வீட்டில் வைத்துப் பார்க்காமல் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெரிய காயமானால் வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. 1962 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் கால்நடை மருத்துவ உதவிக்கு உண்டு. மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் உண்ணக் கூடாது என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொட்டபிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காயம் எதுவுமின்றிப் பல கோழிகள் ஒரே நேரத்தில் சுருண்டு விழுந்தால் அது அடிபட்டது அல்ல, நோய். வெள்ளைக்கழிச்சலாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். அப்போது மடியில் எடுக்காமல், பிள்ளைகளை விலக்கிவைத்து, மருந்தகத்துக்குத் தகவல் சொல்வதே அறிவுடைமை. இரக்கத்துக்கும் அறிவு துணை வேண்டும்.

பிழைக்காமல் போனால்

எல்லாம் செய்தும் சில கோழிகள் பிழைப்பதில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் பெட்டியைத் திறந்தால் விறைத்துக் கிடக்கும். பிள்ளைகள் அழுவார்கள். "அன்னைக்கே சொன்னேனே" என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். செய்ததெல்லாம் வீண்தானா?

அய்யாவின் மக்கள் மனத்தில் எந்நாளும் இருக்கும் ஒரு காட்சியை இங்கே நினைத்துப் பார்க்கலாம். இது ஒப்புமைக்காக அல்ல, படிப்பினைக்காக. மாசி மாதம் ஒரு நோயுற்ற உடலை, எழுந்து நடக்க இயலாத உடலை, தாயார் வெயிலாளும் உறவினரும் தொட்டில் கட்டிச் சுமந்துகொண்டு திருச்செந்தூருக்குப் போனார்கள். அது 1833-ஆம் ஆண்டு, கொல்லம் 1008. நோய் முற்றியிருந்தது. பிழைக்கும் என்று சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. வழி நெடுக மணலும் தேரியும். அப்படியும் சுமந்தார்கள். கடலுக்குள்ளிருந்து யார் எழுந்து வரப்போகிறார் என்பது சுமந்தவர்களுக்குத் தெரியாது. பலன் தெரிந்து சுமக்கவில்லை. கிடக்கிறது, ஆகவே சுமக்க வேண்டும் என்று சுமந்தார்கள். அந்தத் தோளில்தான் தருமயுகத்தின் முதல் அடி நடந்தது.

பலன் தெரிந்தபிறகு செய்வதற்கு வியாபாரம் என்று பேர். கோழி பிழைக்கும் என்று உறுதி கிடைத்தால் மருந்து வாங்குவேன் என்பது வியாபாரம். பிழைக்குமோ பிழைக்காதோ, இப்போது வலிக்கிறது, இப்போது தாகமாக இருக்கிறது என்று பார்ப்பது தருமம். கடைசி மூச்சு விடும்போது சாக்கடை ஓரத்தில் நாய்க்குப் பயந்து கிடப்பதற்கும், ஒரு வீட்டின் மூலையில் வெதுவெதுப்பான துணியில் கிடப்பதற்கும் வேறுபாடு இல்லையா? அந்த உயிருக்கு அந்த வேறுபாடு தெரியும். அதற்கு மேல் ஒரு பலன் தேவையில்லை.

சில நேரம் மருத்துவரே, இதைப் பிழைக்கவைக்க முடியாது, வேதனையை நீட்டிக்க வேண்டாம் என்று சொல்லக்கூடும். ஊசி போட்டு வேதனையை முடிக்கலாமா என்று கேட்கக்கூடும். அன்பர்கள் அப்போது கலங்குவார்கள். அது கொலையாகாதா என்று அஞ்சுவார்கள். அந்த அச்சம் நல்லது. அது இல்லாதவரிடம்தான் இந்த முடிவை ஒப்படைக்கக் கூடாது. செலவு மிச்சம், தொல்லை விட்டது என்ற எண்ணம் ஓர் இழையாவது இருந்தால் பொறுக்க வேண்டும். அந்த எண்ணம் இல்லாமல், உயிரின் வேதனை ஒன்றையே பார்த்து, அறிந்தவர் சொல்லைக் கேட்டுச் செய்வது பலியோடு சேராது. பலி என்பது தன் நன்மைக்காக வேறோர் உயிரைக் கொடுப்பது. இங்கே தனக்கு ஒன்றுமில்லை. இறந்ததைக் குப்பைத் தொட்டியில் எறியாமல், ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். பிள்ளைகளையும் ஒரு பிடி மண் போடச் சொல்லலாம்.

கண்ணாடி முன் நிற்கும்போது

பதியிலும் தாங்கலிலும் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. வணங்க வந்தவர் தன்னையே அதில் காண்கிறார். உள்ளே இருக்கும் ஈசனைக் காண் என்பது அதன் பொருள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். காலையில் நெற்றியில் திருநாமம் தரித்து அந்தக் கண்ணாடி முன் நின்றவர், பத்து மணிக்கு வண்டியில் போகும்போது ஓர் உயிரை அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, "கோழிதானே" என்று போனால், காலையில் கண்ணாடியில் யாரைக் கண்டார்?

அவர் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டும். கோழியை வெயிலிலிருந்து எடுக்க வேண்டும். இது யார் வீட்டுக் கோழி என்று விசாரித்து, அந்த வீட்டு வாசலில் நின்று, "அம்மா, தெரியாம அடிச்சிட்டேன், மருந்துச் செலவை நான் தாரேன்" என்று சொல்ல வேண்டும். ஏசினாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். அடித்தவர் நின்றுவிட்டால் பாதிக் காயம் ஆறிவிடும். கோழிக்காரர் மனத்தில் பட்ட காயமும் ஆறும். அடித்தவர் மனத்தில் படவிருந்த காயமும் ஆறும். கோழிக்காரரும் அந்த நேரத்தில் இரட்டிப்பு விலை கேட்டுச் சண்டை பிடிக்காமல், நின்றவரை மதிக்க வேண்டும். சண்டைக்குப் பயந்தே பலர் நிற்காமல் போகிறார்கள்.

தருமயுகம் வானத்திலிருந்து ஒரே நாளில் இறங்கிவிடும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அய்யாவின் காரியம் அய்யாவுக்குத் தெரியும். அது வரும் நாளில் வாழத் தகுந்த மனத்தை இப்போதே பழக்கிக்கொள்வதுதான் மக்களின் காரியம். அந்தப் பழக்கத்துக்குப் பெரிய மடமோ பெரிய பணமோ வேண்டியதில்லை. மாடிப்படிக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டி, ஒரு பழைய துணி, ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பத்து ரூபாய் போதுமாயிருந்தது.

எவ்வுயிரையும் பார்த்துத் "தானே" என்று சொல்லாத நாக்கையும், அடித்துவிட்டு ஓடாத காலையும், கிடப்பதைத் தூக்கும் கையையும் அய்யா எல்லா மக்களுக்கும் அருள்வாராக.

அய்யா உண்டு.